தொட்டியக்கா அணைத்த விளக்கு

அழகான எதையும் தனியாகப் பார்த்து முடிக்க அவரால் இயலாது. பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து நின்று "ஆமாம்" என்று சொல்லும்வரை, தாம் கண்டதைக் கண்டதாகவே அவர் கொள்ளமாட்டார். அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பவை எல்லாம் இந்த ஒரு குணத்தைச் சுற்றியே வருகின்றன.

திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் காலனி. முந்தைய தலைமுறையில் எல்லாரும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது சிலர் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறார்கள். பெண்கள் பலர் திருவாரூர்க் கடைகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். சமூகப்பணியில் எம்.ஏ. முடித்துவிட்டு நான் ஊரில் இருந்த சில ஆண்டுகளில், அவர் என் அடுத்த வீட்டுக்காரர். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவதும் வால்வு திறப்பதும் அவர் வேலை. ஆகவே காலனி முழுமைக்கும் அவர் தொட்டியக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தும், பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான்.

விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து மோட்டாரைப் போடுவார். தொட்டி நிரம்பச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரில் சாத்திய மூங்கில் ஏணி வழியாகத் தம் வீட்டுக் கூரைமேல் ஏறிவிடுவார். எங்கள் தொகுப்பு வீடுகளுக்குப் படிக்கட்டு கட்டித் தரப்படவில்லை. மாடி என்று சொல்லவும் முடியாது. தட்டையான கான்கிரீட் கூரை, அவ்வளவே. மார்கழி, தை மாதங்களில் அந்தக் கூரை பனியில் நனைந்து வழுக்கும். அவர் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே என் பெயருக்குப் பதிலாக என் பட்டம் கூரைகளைத் தாண்டி வரும்.

"ஏ எம்மே! முழிச்சிருக்கியா? மேல ஏறு, போயிடப் போவுது!"

"என்னக்கா போயிடப் போவுது? நாளைக்கும் அங்கதானே இருக்கும்?"

"நாளைக்கு இருக்கிறதை நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னிக்கு இருக்கிறதை யாருடி பார்க்கிறது?"

போர்வையோடு எங்கள் கூரையில் ஏறி நிற்பேன்.

விண்மீன்களுக்கு அவர் தாமே பெயர் வைத்திருந்தார். மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும் மூன்று விண்மீன் வரிசைக்கு 'ஒரே வண்டியில மூணு பேரு' என்று பெயர். விடியும் நேரத்தில் அது அடிவானத்தை நெருங்கும்போது, "பாரு, மூணு பேரும் வாய்க்கால்ல விழப் போறானுவோ. போலீஸ்காரன் எங்கேயோ நிக்கிறான் போல" என்பார். தெற்கே வயல்களுக்கு மேல் சாய்ந்து நிற்கும் நான்கு விண்மீன்கள் அவருக்கு நூலில் பறக்கும் பட்டம். வடக்கே இருந்தது அகப்பை. நான் கடமையுணர்வோடு அவற்றின் முறையான பெயர்களை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் படிச்சவங்க வச்ச பேரு. இருந்துட்டுப் போகட்டும். இது நம்ம காலனிப் பேரு."

தவறு செய்யவும் அவர் தயங்கியதில்லை. ஒருநாள் நகர்ந்து செல்லும் ஓர் ஒளியைப் பார்த்துவிட்டு, நட்சத்திரம் ஒன்று நடந்து போகிறது என்று பாதித் தெருவை எழுப்பிவிட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த கலியபெருமாள் மாமா, "ஏம்மா தொட்டி, அது திருச்சிக்குப் போற பிளேனு. இதுக்கா என்னை எழுப்புன?" என்று கடிந்துகொண்டார். காலனியில் குத்தகைக்கு நெல் பயிரிடுபவர்களில் மூத்தவர் அவர்.

"பிளேனா இருந்தா அழகா இருக்கக் கூடாதா மாமா? உள்ள இருக்கிறவனுக்குத் தெரியாதே. நமக்குல்ல தெரியுது."

தொட்டியக்காவின் மகன் திருப்பூரிலிருந்து ஒரு கைப்பேசி வாங்கி அனுப்பிய பிறகு, காலனியின் வாட்ஸ்அப் குழு பெரும் சோதனைக்கு உள்ளானது. அதிகாலை வானத்தைப் படமெடுத்து நாள்தோறும் அனுப்புவார். வருவது முழுக் கறுப்பில் ஒரு செவ்வகம். கீழே குரல்பதிவு: "இதுல பட்டம் இருக்கு, நல்லா உத்துப் பாருங்க." பதிலுக்கு யாரோ ஒருவர் தம் அடுப்பங்கரைச் சுவரைப் படமெடுத்து, 'எங்க வீட்டிலயும் தெரியுதுக்கா' என்று அனுப்பினார். அவர் அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, எங்கே என்று கேட்டார்.

இந்தக் குணம் வானத்தோடு நின்றிருந்தால், அவரை ஒரு விசித்திரமான அண்டை வீட்டுக்காரர் என்று மட்டுமே நான் நினைவில் வைத்திருப்பேன். தண்ணீரிலும் அதுவே நடந்தது. வால்வைத் திறந்தால் தொட்டியை ஒட்டிய வீடுகளுக்கே முதலில் தண்ணீர் வரும். அவருடைய வீடும் அவற்றில் ஒன்று. அவரோ தெருக்கோடியிலிருந்து, "வந்திருச்சு" என்ற குரல் கேட்கும்வரை தம் குழாயைத் திறக்கமாட்டார். இதை ஒரு தியாகமாக அவர் கருதியதாகவும் தெரியவில்லை. கடைசி வீட்டுக்கு வராத தண்ணீர் இன்னும் வரவில்லை என்பதே அவர் கருத்து.

காலனிக்கு விளக்கு கேட்டுப் போராடியதில் எனக்கும் பங்கு உண்டு. ஊர்த்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரிந்தது. எங்கள் வாய்க்கால் கரையில் மட்டும் ஒன்றுமில்லை. கடைசிப் பேருந்தில் இறங்கும் பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டமாக நடந்து வந்தார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த செல்வி ஒரு மழைநாளில் கரை சறுக்கி வாய்க்காலில் விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள். இருட்டில் மதகுமேல் உட்கார்ந்து கேலி பேசும் கும்பலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மனு கொடுத்தோம், மறுபடியும் கொடுத்தோம், ஒன்றிய அலுவலகத்தின் முன் உட்கார்ந்தோம். கடைசியில் ஐப்பசி மழைக்கிடையே, கரையும் காலனியும் சந்திக்கும் மூலையில், உயர்ந்த கம்பத்தின் உச்சியில் வட்டமாக விளக்குகள் பொருத்திய ஹைமாஸ் விளக்கு வந்து நின்றது. அந்த மூலையைத் தவிர அரசுப் புறம்போக்கு வேறெங்கும் இல்லை. அதற்கு நேர் கீழே கலியபெருமாள் மாமா மாப்பிள்ளைச் சம்பா நட்டிருந்த வயல்.

புது விளக்கின் சுவிட்ச் மோட்டார் அறையில் இருந்ததால், முதல் நாள் விளக்கைப் போட்டவர் தொட்டியக்காதான். வெளிச்சம் குபீரென்று விழுந்தபோது எங்களைவிட உரக்கக் கைதட்டியவரும் அவரே. "ஏய் செல்வி, இனிமே விழுந்தா நீயா விழுந்ததுதான்!" என்று கத்தினார். கால் குணமாகி அருகில் நின்ற செல்வி அவரைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அதிகாலையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மழைமேகம் காரணமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கார்த்திகை முடிந்து வானம் தெளிந்த பிறகும் குரல் வராததால், நானாகவே கூரையேறிப் பார்த்தேன். அவர் வழக்கம்போல் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் விளக்கின் வெளிச்சத்தில் வெளுத்த ஒரு மூடி. பட்டம் இல்லை, மூன்று பேர் இல்லை, அகப்பையும் இல்லை. கிழக்கே பெரிய வெள்ளி ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா கூப்பிடல?"

"எதைக் காட்டக் கூப்பிடுறது? அது ஒண்ணு தனியா நிக்குது. பாவமா இருக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கரையில் ஓர் ஆள் இல்லை. எல்லா வீடுகளும் சாத்தியிருந்தன. "சுவிட்ச் உங்ககிட்டதானே இருக்கு? கொஞ்ச நேரம் அணைச்சாத்தான் யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒருவகை வியப்பு இருந்தது.

"சுவிட்சுதான் என் கையில இருக்கு. வெளிச்சம் என்னுது இல்லையே. எல்லாரும் சேர்ந்து வாங்குனது. யாருக்கும் தெரியாம நான் மட்டும் எடுத்துக்கிட்டா, அப்புறம் வானத்தை எப்படி நிமிர்ந்து பார்க்கிறது?"

அதற்குப் பிறகு நான் பலமுறை இதைச் சிந்தித்தேன். வெளிச்சத்தை நாங்கள் உரிமை என்று கேட்டோம், அது சரியே. அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்று எந்த மனுவிலும் நாங்கள் எழுதவில்லை, எழுதத் தோன்றவுமில்லை. இருட்டும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சொத்தாக இருக்கக்கூடும் என்பது எனக்குப் புதிய எண்ணம். ஆனால் ஒருவருடைய இழப்பைக் காட்டி, இத்தனை பெண்களின் பாதுகாப்பைக் குறைக்கச் சொல்ல முடியுமா? முடியாது என்றே தோன்றியது. அவருக்கும் அப்படித் தோன்றியதால்தான் பேசாமலிருந்தார்.

பேச்சைத் தொடங்கிவைத்தது நெல். மார்கழியில் சுற்றுவட்டார வயலெல்லாம் கதிர் வாங்கித் தலைசாய்ந்து நிறம் மாறத் தொடங்கியது. விளக்குக் கம்பத்தின் கீழ் மட்டும், கவராயம் வைத்து வரைந்ததுபோல் ஒரு பச்சை வளைவு. அதற்குள் இருந்த பயிர் கதிரே வாங்கவில்லை. நீண்ட இரவு வந்தால்தான் அந்தச் சம்பா கதிர் தள்ளும். இது வயல்வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். விளக்குக்கு இடம் குறித்த நாளில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கு விளக்கு வருகிறது என்ற மகிழ்ச்சியில், மாமாவே முன்னின்று அந்த மூலையைக் காட்டியிருந்தார்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். மாமா உட்காரவே இல்லை.

"சுத்தி எல்லாம் தலை குனிஞ்சு நிக்குது. இது மட்டும் பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி வெறைப்பா நிக்குது. ராத்திரின்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்கு மறந்துபோச்சு. கம்பத்தைப் புடுங்குங்க, இல்லேன்னா அணைச்சு வைங்க."

"புடுங்கிட்டு? மறுபடி நாங்க வாய்க்கால்ல விழணுமா மாமா?" என்று செல்வி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் கடைசிப் பேருந்துப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். சொல் தடித்தது. யாரோ ஒருவர், "தொட்டியக்காவைக் கேளுங்க. அதுக்கும் லைட்டு பிடிக்காது. வானம் பார்க்கணுமே" என்றார். சிரிப்பு எழுந்தது. மாமா நம்பிக்கையோடு அவர் பக்கம் திரும்பினார்.

தொட்டியக்கா எழுந்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டார்.

"லைட்டு இருக்கணும். அதுல பேச்சே இல்ல. நான் வயசுப் பொண்ணா இந்தக் கரையில நடந்தப்போ செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நடப்பேன். எதுக்குன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியாது. பொம்பளைங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. இந்தப் புள்ளைங்க அப்படி நடக்க வேணாம். ஆனா மாமா, உச்சியில இருக்கிற விளக்கெல்லாம் வயலையா பார்க்குது? பாதிதானே பார்க்குது? அந்தப் பக்கத்தை மட்டும் கழட்டிடலாம். கரைப் பக்கம் எரியட்டும்."

மாமா கணக்குப் போடுவதுபோல் வாசலுக்கு வெளியே பார்த்தார். "இந்த வருஷம் போனது மாட்டுக்குத் தீவனம்" என்று முணுமுணுத்தார். பிறகு, "அடுத்த சாகுபடிக்கு அது போதும். எம்மே, நீ ஆபீசுல சொல்லி ஆளைக் கூட்டிட்டு வா" என்று உட்கார்ந்தார். கூட்டம் முடிந்தது என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"இருங்க. இன்னொண்ணு கேட்கணும்" என்றார் தொட்டியக்கா. "இது வயலுக்கு இல்ல. எனக்கு."

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். தமக்கென்று அவர் கேட்டு அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"காலையில நான் மோட்டார் போடுற நேரத்துலேர்ந்து விடியுற வரைக்கும் லைட்டை அணைச்சுக்கிறேன். மார்கழியும் தையும் மட்டும். யாராவது வெளிய கிளம்பணும்னா, ஒரு குரல் கொடுங்க, போட்டுடுறேன். நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

செல்வி விடவில்லை. "நீங்க நட்சத்திரம் எண்ணுறதுக்கு நாங்க இருட்டுல இருக்கணுமாக்கா? இன்னிக்கு ஒரு மணி நேரம்பீங்க. நாளைக்கு ஆபீசுல, உங்களுக்கே லைட்டு வேணாமேன்னு மொத்தமா அணைச்சிடுவாங்க."

அந்த அச்சம் நியாயமானது என்றே எனக்கும் பட்டது. விட்டுக்கொடுத்தது திரும்பி வராது என்பதை எங்களைப் போன்றவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறோம். தொட்டியக்காவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவருடைய இயல்பான குரல் திரும்பியது.

"சரி, நீ காலையில நாலரை மணிக்கு என்ன பண்ணுற?"

"தூங்குறேன்."

"அந்த லைட்டு வெளிச்சத்துலயா?"

செல்வியே சிரித்துவிட்டாள்.

"ஒரே ஒரு நாள். எல்லாரும் வந்து பாருங்க. அணைக்கிறேன். ஒருத்தர் 'போடு'ன்னு சொன்னாலும் போட்டுடுறேன். அப்புறம் ஆயுசுக்கும் கேட்க மாட்டேன்."

ஒருவர் சொன்னாலும் போதும் என்ற அந்த நிபந்தனை அளவுக்கு மீறியது. பெரும்பான்மை என்று கேளுங்கள் என நான் அவர் காதில் சொன்னேன். "ஒருத்தருக்குப் பயமா இருந்தாக்கூட எனக்கு எப்படிடி பார்க்க மனசு வரும்?" என்றார்.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். வயல் பக்கத்து விளக்குகள் அதற்குள் கழற்றப்பட்டுவிட்டன. ஆனால் கரைப்பக்க வெளிச்சமே வானத்தை மூடப் போதுமானதாக இருந்தது. அன்று அதிகாலையில் காலனியின் கூரைகள் எல்லாவற்றிலும் போர்வைகள் தெரிந்தன. ஏணி இல்லாதவர்கள் அண்டை வீட்டு ஏணியில் ஏறினார்கள். மாமா மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, "பிளேனைக் காட்டுனா இறங்கிடுவேன்" என்று முன்னெச்சரிக்கை செய்தார். செல்வி எங்கள் கூரையில் என்னருகே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயல் மட்டத்தில் பனி படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே காற்று தெளிவாக இருந்தது.

தொட்டியக்கா மட்டும் கூரையில் இல்லை. யாராவது 'போடு' என்றால் அக்கணமே போடவேண்டும் என்பதற்காக, மோட்டார் அறைக்குள் சுவிட்சில் கைவைத்து நின்றார். அந்த அறைக்கு மேலே தகரம். உள்ளிருந்து ஒரு விண்மீனும் தெரியாது.

"அணைக்கிறேன்!" என்ற குரல் வந்தது.

முதலில் எதுவும் தெரியவில்லை. இருட்டு அப்பியது. ஒரு குழந்தை சிணுங்கியது. செல்வி என் கையைப் பற்றினாள். பிறகு கண் பழகப் பழக, தெற்கே வயல்களின்மேல் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் எழுந்தன. பட்டம் சாய்ந்து நின்றது. வடக்கே அகப்பை, வீட்டுக் கூரைகளையெல்லாம் முகந்துவிடுவதுபோல் பெரிதாகத் தொங்கியது. உச்சியில் பெயர் தெரியாதவை மாவு தெளித்ததுபோல் பொடிப்பொடியாக நிறைந்தன. மேற்கைக் காட்டி யாரோ, "அட, மூணு பேரு!" என்றார். "எங்கே, எங்கே?" என்று வரிசையாகக் குரல்கள். ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு விரல்கள் நீண்டன. நெடுநாள் கேலி செய்த ஒவ்வொரு பெயரும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்ததை அன்றுதான் அறிந்தேன். மாமா மப்ளரை அவிழ்த்துவிட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து அப்படியே நின்றார்.

கீழேயிருந்து ஒரு தயங்கிய குரல் கேட்டது.

"போடட்டுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அமைதியை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, குரலில் கலக்கம் கூடியது.

"ஏய், யாருக்காவது பயமா இருக்கா? சொல்லிடுங்க. போட்டுடட்டுமா?"

என் கையை விட்டுவிட்டு, கூரை விளிம்புக்குச் சென்று குனிந்தாள் செல்வி.

"சுவிட்சைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுடுவேன்! தகரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு அங்க என்னக்கா பண்ணுறீங்க? சீக்கிரம் ஏறி வாங்க, பட்டம் நேரா நிமிரப் போவுது!"

கீழே மோட்டார் அறையின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. எல்லாக் கூரைகளிலிருந்தும், "வாங்கக்கா, வாங்கக்கா" என்று கூவல் எழுந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவே, இருட்டில், மூங்கில் ஏணியின் படிகளில் தடதடவென்று அவர் ஏறி வந்தார்.